ஒரு வினைச்சொல்லுக்காக மைசூருக்குப் போனேன்

மைசூருக்குப் போகிறவர்கள் அரண்மனை பார்க்கப் போவார்கள், பட்டுச்சேலை எடுக்கப் போவார்கள். நான் சண்டை போடப் போனேன். சண்டை ஒரு வினைச்சொல்லைப் பற்றியது என்று சொன்னபோது, என்னை விமான நிலையத்தில் கொண்டுவிட வந்த என் கணவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு பெட்டியை இறக்கி வைத்தார். கல்யாணமாகி இத்தனை வருடங்களில், எந்த இடத்தில் வாயைத் திறக்கக்கூடாது என்பதை அவர் நன்றாகவே படித்து வைத்திருக்கிறார்.

நான் மலேசியாக்காரி, ஈப்போ என் ஊர். ஆசிரியர் பயிற்சிக் கழகம் ஒன்றில் கல்வித் தத்துவம் கற்பிக்கிறேன். நாளைக்குத் தமிழ்ப்பள்ளிகளில் பாடம் நடத்தப் போகிற பிள்ளைகள்தான் என் மாணவர்கள். இந்த வேலையில் எனக்கு ஒரு தீராத கோபம் உண்டு. தமிழ்ப்பள்ளியைப் பார்வையிட வருகிற இலாகா அதிகாரிகள் வகுப்பின் கடைசி வரிசையில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு, ‘இந்தப் பிள்ளைகள் காது கொடுக்கிறார்கள், ஆனால் கேள்வி எழுப்ப வராது’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். அடுத்து வருகிறவரும் அதையே எழுதுவார். கல்விக் கோட்பாட்டு நூல்களை எடுத்தாலும் இதே பாட்டுத்தான். பிள்ளை ஆசிரியருக்குச் செவிகொடுக்க வேண்டும் என்று ஒரு கட்சி, ஆசிரியரை வினவ வேண்டும் என்று ஓர் எதிர்க்கட்சி.

இந்த இரண்டு கட்சிக்கும் பதிலாக ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். தமிழில் ‘சொல்வதைக் கேள்’ என்கிறோம், ‘புரியாவிட்டால் கேள்’ என்றும் சொல்கிறோம். காதுக்கும் வாய்க்கும் ஒரே வினைச்சொல். இந்த மொழியில் வளர்கிற பிள்ளைக்குச் செவிமடுப்பதும் வினவுவதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். ஆகவே எங்கள் பிள்ளைகளை ஆங்கில அளவுகோலால் அளக்காதீர்கள் என்பது என் வாதம். கட்டுரையின் மூன்றாம் பகுதி முழுவதும் ஒரே வாக்கியத்தின் மேல் நின்றது: ‘எனக்குத் தெரிந்தவரை இந்த அமைப்பு தமிழில் மட்டுமே உண்டு.’

சும்மா எழுதவில்லை. விசாரித்துவிட்டுத்தான் எழுதினேன். எங்கள் ஆசிரியர் அறையில் எல்லா இனத்தாரும் உண்டு. மலாய்க்காரர், சீனர், பஞ்சாபியர் ஆகியோரைக் கேட்டேன், எல்லோருக்கும் இரண்டு சொற்கள். தெலுங்குக்காரருக்கும் அப்படியே. மலையாளிக்குக் கேட்பது காதோடு சரி, வாயால் என்றால் அவர் ‘சோதிக்க’ப் போய்விடுகிறார், வினவுவதற்கு அவர்கள் சொல் அது. எனக்கு வெற்றிக் களிப்பு தாங்கவில்லை.

ஆசிய நாடுகளின் கல்வித் தத்துவம் பற்றி ஒரு தொகுப்பு கொண்டுவந்த மைசூர்ப் பதிப்பகம் ஒன்று கட்டுரையை ஏற்றது. மதிப்பிட்ட இருவரும் வெள்ளைக்காரர்கள். இருவருக்கும் தமிழ் தெரியாது. ஆகவே இருவரும் புகழ்ந்திருந்தார்கள். அதன் பிறகு, அச்சுக்கு முன் சரிபார்க்கிற மெய்ப்பு வந்தது. திறந்து பார்த்தால் என் ‘கேள்’ செத்துக் கிடந்தது. பாதி இடங்களில் அதை ‘செவிகொடு’ என்ற பொருளில் ஆங்கிலப்படுத்தியிருந்தார்கள், மீதி இடங்களில் ‘வினவு’ என்ற பொருளில். எதை ஒன்று என்று சொல்வதற்காகக் கட்டுரை எழுதினேனோ அதையே வெட்டி இரண்டாக்கி, அழகாக அச்சுக்கோத்தும் அனுப்பியிருந்தார்கள். அடுத்த வருடம் எனக்குப் பணி ஓய்வு. அந்த அதிகாரிகளுக்கு நான் அச்சில் சொல்லிவிட்டுப் போக விரும்பிய பதில் இது ஒன்றுதான். மின்னஞ்சலில் இழுத்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. நேரில் வருகிறேன் என்று எழுதிவிட்டுப் பெட்டியைக் கட்டினேன்.

மைசூரில் முதல் நாள் காலை, தங்கிய விடுதிக்கு எதிரே ஒரு சிற்றுண்டிக் கடையில் பசியாறப் போனேன். பட்டியலில் சௌசௌ பாத் என்று இருந்தது. சௌசௌ காய் போட்ட சோறு, உடம்புக்கு நல்லது என்று நினைத்துச் சொன்னேன். வந்தது ஒரு தட்டில் பாதி உப்புமா, பாதி கேசரி. காயைக் காணோம். பரிமாறியவரிடம் சௌசௌ எங்கே என்று கேட்டதற்கு அவர் உப்புமாவையும் கேசரியையும் மாறி மாறிக் காட்டினார். பக்கத்து மேசைக்காரர் சிரித்துக்கொண்டே, இங்கே இந்த இரண்டும் சேர்ந்தால் அதற்கு அந்தப் பெயர் என்று ஆங்கிலத்தில் விளக்கினார். கேசரி வாயில் வைத்ததும் கரைந்தது, அதனால் மன்னித்துவிட்டேன். காப்பியைத்தான் மன்னிக்க முடியவில்லை. சுவை அபாரம், அளவு மூன்று மிடறு. ஈப்போவில் கோப்பி கேட்டால் குவளை நிறைய வரும், வைத்துக்கொண்டு ஊர்வம்பு பேசலாம். இங்கே வாயைத் திறப்பதற்குள் தீர்ந்துவிடுகிறது.

என்னை அழைத்துப் போக சுமதி ஸ்கூட்டரில் வந்தார். என் கட்டுரையைத் திருத்திய உதவி ஆசிரியர் இவர்தான். சொந்த ஊர், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொள்ளேகால்; வீட்டில் தமிழ். அனூர்ப் பக்கத்துக் கன்னடப் பள்ளியில் சில வருடங்கள் ஆசிரியராக இருந்துவிட்டுப் பதிப்புத் தொழிலுக்கு வந்தவர்.

“நீங்கதானுங்களா அந்தக் கோவக்கார மேடம்? மெயில்ல படிச்சப்ப இன்னும் உயரமா இருப்பீங்கன்னு நெனச்சேனுங்க,” என்றார்.

கோபத்தோடு போனவளுக்கு இப்படி ஒரு வரவேற்பு கிடைத்தால் என்ன செய்வது. பின்னால் ஏறி உட்கார்ந்தேன். என் பாரத்துக்கு ஸ்கூட்டர் ஒருமுறை முனகிவிட்டுப் புறப்பட்டது. மைசூரில் தெருக்கள் அகலம், மரங்கள் அதைவிட அகலம். வட்டச் சந்திகளில் யார் முதலில் போக வேண்டும் என்பதில் மட்டும் யாருக்கும் உடன்பாடு இல்லை.

பதிப்பகம், சரஸ்வதிபுரத்தில் யதுகிரி அம்மையாரின் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருந்தது. தொகுப்பின் ஆசிரியர் அவர். பல்கலைக்கழகத்தில் கல்வியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். பல தலைமுறைகளுக்கு முன்பே மேல்கோட்டையில் குடியேறிவிட்ட தமிழ் ஐயங்கார்க் குடும்பம். வீட்டில் ஒரு பழைய தமிழ், வெளியே கன்னடம், எழுத்தில் ஆங்கிலம் என்று மூன்று வீட்டுக்காரி மாதிரி வாழ்கிறார்.

“வாங்கோ புஷ்பலீலா. சண்டையை மொதல்ல வச்சுக்கலாமா, தளிகை ஆனப்பறம் வச்சுக்கலாமா?” என்றார்.

தளிகை என்றால் அவர்கள் வீட்டுச் சமையல். முதலில் சண்டை என்றேன்.

அவர் தரப்பு நியாயம் எளிது. பிறமொழிச் சொல்லை முதல் தடவை சாய்வெழுத்தில் போட்டுப் பொருள் தர வேண்டும். அதன் பிறகு ஆங்கிலச் சொல்லையே ஆள வேண்டும். இது அவர்கள் விதி. கட்டுரையைப் படிக்கப் போகிறவர்கள் வெளிநாட்டார். சுமதி விதிப்படி செய்திருக்கிறார். என் நியாயமும் எளிதுதான். விதியைக் காப்பாற்றினால் கட்டுரை போய்விடும். நான் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, வெட்டுப்பட்ட இடத்தையெல்லாம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். சுமதி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “சரிதாங்க. இது ரெண்டு வார்த்தையாப் போனா நீங்க சொல்றது எதுவும் நிக்காதுங்க,” என்றார். யதுகிரி அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேராசிரியர்கள் தோற்கும்போது அதைத்தான் செய்வார்கள், நானும் செய்வதுண்டு.

“கேள் கேளாவே இருக்கட்டும். நாளன்னிக்கு மத்தியானம் அச்சுக்குப் போறது, அதுக்குள்ள வேற ஏதாவது இருந்தா சொல்லிடுங்கோ,” என்றார்.

வேறு எதுவும் இல்லை என்றேன். சாத்தமது என்று அவர் பரிமாறியது, நாங்கள் ரசம் என்று குடிப்பதுதான். இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன். வெற்றி பெற்ற வயிறு அதிகம் கேட்கும்.

மறுநாள் எனக்கு வேலை இல்லை. சாமுண்டி மலையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நகரப் பேருந்து நிலையத்துக்குப் போனேன். சுமதி ஸ்கூட்டரில் கொண்டுவிடுகிறேன் என்றார், நான் அந்த ஸ்கூட்டர் மேல் இரக்கப்பட்டு வேண்டாம் என்றேன். கன்னட எழுத்து எனக்குப் படிக்க வராது. ஒருவர் ‘சாமு’ என்று தொடங்கி ஏதோ கூவினார், அல்லது எனக்கு அப்படி விழுந்தது. தாவி ஏறிக்கொண்டேன். வண்டி வெகுநேரம் கடைத்தெருக்களுக்குள்ளேயே சுற்றியது. மலை பின்பக்கத்துக் கண்ணாடியில் சிறியதாகிக்கொண்டே போனது. எனக்கு முன்னால் ஓர் இளம் தாய் மகளோடு உட்கார்ந்திருந்தாள். மகள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

நடத்துநர் வந்தார். சாமுண்டி என்றேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு, இது சாமராஜபுரம் பக்கம் போகிற வண்டி என்றார். பிறகு கன்னடத்தில், கேட்டுவிட்டு ஏறக்கூடாதா மேடம் என்றார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் நில்லுங்கள் என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். முன்னால் இருந்த தாய் மகளின் கையை உள்ளே இழுத்து, சொன்னால் கேள், இல்லாவிட்டால் நாளை முதல் வீட்டோடு இரு என்று அதட்டினாள். அதற்கும் நான் தலையாட்டினேன். எங்கள் ஊர்த் தாய்மாரும் அப்படித்தான் அதட்டுவார்கள்.

இறங்கி எதிர்ப்பக்கம் நின்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. எனக்குக் கன்னடம் தெரியாது. அவர்கள் இருவரும் சொன்னது எனக்கு எப்படிப் புரிந்தது?

நடத்துநர் ‘கேளி’ என்றார். அந்தப் பெண் ‘கேளு’ என்றாள். அவருடையது வாய், இவளுடையது காது. என் சொல்தான். தமிழில் மட்டுமே உண்டு என்று நான் அச்சில் ஏற்றவிருந்த அதே சொல், ஒரு நகரப் பேருந்தில் ஓர் இருக்கை இடைவெளியில், இன்னொரு மொழியில் இரண்டு வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தது. அது எனக்கு அவ்வளவு பழக்கமாக இருந்ததால் வேற்று மொழி என்றே தோன்றவில்லை. மலையாளியைக் கேட்டேன், தெலுங்குக்காரரைக் கேட்டேன். ஈப்போவில் எங்கள் ஆசிரியர் அறையில் கன்னடக்காரர் ஒருவரும் இல்லை. அதனால் உலகத்திலேயே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

மலைக்குப் போகிற பேருந்து வந்தது. ஏறவில்லை. ஒரு கணம், பேசாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது உண்மை. மதிப்பிட்டவர்களுக்குத் தெரியாது, படிக்கப் போகிறவர்களுக்கும் தெரியாது. ஆனால் பொய்யான ஒரு வாக்கியத்தின் மேல் எங்கள் பிள்ளைகளை ஏற்றிவைத்தால், யாராவது ஒரு கன்னடக்காரர் அதைத் தட்டிவிட்ட அன்றைக்கு விழப்போவது பிள்ளைகள்தான். அந்த அதிகாரிகள் கைதட்டிச் சிரிப்பார்கள். ஆட்டோ பிடித்துச் சரஸ்வதிபுரத்துக்குப் போனேன்.

விஷயத்தைச் சொன்னதும் யதுகிரி அம்மையார் என்னைப் பார்த்தார், சுமதி அவரைப் பார்த்தார், பிறகு இருவரும் சேர்ந்து சிரிக்கத் தொடங்கினார்கள்.

“நேக்குக் கூடத் தோணலையே. ஆத்துல தமிழ், வெளியில கன்னடம், ரெண்டும் ஒரே வாயாலதானே வர்றது. எது எங்கேர்ந்து வர்றதுன்னு யார் நின்னு பாக்கறா? உங்க கட்டுரையை இங்கிலீஷ்ல வாசிச்சேனோ இல்லையோ, தமிழ்ல மட்டும்னு இருந்துதா, ஆமாம்னு தலையாட்டிட்டேன்,” என்றார் யதுகிரி அம்மையார்.

“நான் மூணு தடவை புரூஃப் பாத்தேனுங்க,” என்றார் சுமதி. “தினமும் வீட்டுல கேளுங்கறேன், ஆபீஸ்ல கேளுங்கறேன். காற்புள்ளி எங்க போச்சுன்னுதான் பாத்தேனே ஒழிய இதைப் பாக்கலை.”

கன்னடம் பேசுகிற ஊரில், கன்னடம் பேசுகிற பதிப்பகத்தில், அந்த வாக்கியம் அச்சு வரைக்கும் நடந்து போயிருக்கிறது. இதற்கு மேல் நானும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

சிரித்து முடித்த பிறகு நிலைமை தெளிவாயிற்று. அந்த ஒரு வாக்கியத்தை எடுத்தால் மூன்றாம் பகுதி தானாகச் சரியும். மறுநாள் மதியத்துக்குள் அதைத் திருப்பி எழுத வேண்டும், இல்லாவிட்டால் கட்டுரையை அடுத்த தொகுப்புக்குத் தள்ள வேண்டும். அடுத்த தொகுப்பு எப்போது என்று யதுகிரி அம்மையாருக்கே தெரியாது. எழுதுகிறேன் என்றேன். எழுதுவதில் எனக்குப் பயம் கிடையாது. இரண்டு மொழிகளில் இருந்தால் வாதம் குறைந்தா போய்விடும்? கூடத்தானே செய்யும்? அங்கேயே மேசையைப் பிடித்து உட்கார்ந்து முதல் வரியைப் போட்டு வாசித்தேன்: இந்த அமைப்பு தமிழிலும் கன்னடத்திலும் மட்டுமே உண்டு.

“மறுபடியும் மட்டும் போடறேளே,” என்றார் யதுகிரி அம்மையார்.

அடித்தேன். அந்தச் சொல் என் கையிலேயே ஊறிப்போயிருக்கிறது போல.

சுமதி மெய்ப்புப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. மட்டும் போனது பெரிய விசயமில்லீங்க. எனக்கு உறுத்தறது வேற.”

“சொல்லுங்க.”

“எங்க பக்கம் பள்ளிக்கூடத்துல கன்னடத்துல கேளும்பாங்க, வீட்டுல தமிழ்ல கேளும்பாங்க. ரெண்டு எடத்துலயும் வாயை மூடுன்னுதானுங்க அர்த்தம். வார்த்தைக்குள்ள ரெண்டும் இருக்குது, நான் இல்லீன்னு சொல்லலை. ஆனா பெரியவங்க புள்ளையப் பாத்துச் சொல்றப்ப ஒண்ணுதான் வெளிய வருது. நானே டீச்சரா இருந்தப்ப அப்படித்தான் சொல்லியிருக்கேன். யாரு யாரைப் பாத்துச் சொல்றாங்கன்னு உங்க கட்டுரையில எங்கயும் இல்லீங்களே.”

எனக்குச் சுரீரென்றது. பேருந்தில் நான் கேட்ட ‘கேளி’யும் ‘கேளு’வும் நினைவுக்கு வந்தன. நடத்துநர் வாய்க்கான சொல்லை வயது வந்த எனக்குச் சொன்னார். அந்தச் சிறுமிக்குக் கிடைத்தது காதுக்கான சொல்தான். சுமதி சொல்வது சரி என்று பட்டது. சரியாக இருப்பதே எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. இருந்தாலும் நான் தத்துவம் கற்பிக்கிறவள். மறுப்பு நன்றாக இருந்தால் அதை ஒளித்து வைக்கக்கூடாது என்று வருடா வருடம் மாணவர்களுக்குச் சொல்கிறேன். என் கட்டுரைக்கு ஓர் எதிர்வினையாக இதை எழுதித் தாருங்கள், உங்கள் பெயரில் அடுத்தாற்போலவே வரட்டும் என்றேன். சுமதி யதுகிரி அம்மையாரைப் பார்த்தார்.

“எழுதேன். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் காத்திண்டிருக்கேன். ரெண்டு பேருக்கும் அதான் கெடு,” என்றார் அவர்.

கடைசி நாள் காலையில் நான் என் மூன்றாம் பகுதியோடு போனேன். நன்றாகவே வந்திருந்தது. தன் மொழியைப் பற்றிப் பெருமை பேசுவதை நிறுத்தினால் வாக்கியங்கள் சுருக்கமாகிவிடுகின்றன. யதுகிரி அம்மையார் இரண்டு இடங்களில் மட்டும் பென்சில் வைத்தார்.

பிறகு சுமதி தன்னுடையதை வாசித்தார். ஆங்கிலத்தில் எழுதியிருந்தார், நடுநடுவே நிறுத்தித் தமிழில் விளக்கினார். தொடக்கத்திலேயே என்னைப் பாராட்டிவிட்டு, அடுத்த பத்தியில் என் காலடி மண்ணை எடுத்துவிட்டார். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதால் அந்த இரண்டும் எல்லோருக்கும் கிடைத்துவிடாது. அகராதியில் இருப்பது வேறு, வகுப்பறையில் பிள்ளையின் கைக்கு வருவது வேறு என்று போயிற்று. நான் நாற்காலியில் நெளிந்தேன். ஒரு தடவை வாயைத் திறந்து மூடினேன். இரண்டாம் தடவை திறந்தபோது யதுகிரி அம்மையார் கையை உயர்த்தி, “கேளுங்கோ,” என்றார்.

குறுக்கிடாதே, செவிகொடு என்று எனக்குப் பட்டது. வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். சுமதியோ, என்னைக் கேள்வி கேட்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு தாளைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். சுவர்க்கடிகாரம் அச்சகத்துக்காரர் வரும் நேரத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

“நான் ரெண்டுந்தான் சொன்னேன்,” என்றார் யதுகிரி அம்மையார்.

அப்போது நான் கேட்டேன். கட்டுரையைப் பற்றி அல்ல. இத்தனை வருடமும் நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேன்.

“அப்போ அந்த அதிகாரிங்க எழுதினது சரின்னு சொல்றீங்களா, சுமதி? எங்க பிள்ளைங்களுக்குக் கேட்க வராதா?”

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

“அவங்க பாத்தது நெசம்தானுங்க. காரணந்தான் தப்பு. புள்ளைங்களுக்குக் கேக்க வராதுன்னு எழுதினாங்க. புள்ளைங்களக் கேக்க விடலீன்னு எழுதியிருக்கோணும்.”

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெட்கப்படவில்லை. நான் அந்த அதிகாரிகளுக்குச் சொல்ல நினைத்த பதில் இதுதான். ஒரு வினைச்சொல்லைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி வந்து, இந்தப் பதிலைச் சுற்றிச் சுற்றி வந்தேனே தவிர, அது பிடிபடாமலே இருந்தது.

“இதை எழுதியிருக்கீங்களா?” என்றேன்.

“இல்லீங்களே மேடம். இப்ப நீங்க கேட்டதாலதான் வந்துச்சு.”

வாசலில் அச்சகத்து ஆள் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டது. யதுகிரி அம்மையார் எழுந்து போய், அவருக்கு ஒரு காப்பி கொடுத்து உட்கார வைத்தார். சுமதி எழுதத் தொடங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வரி அவர் பெயரின் கீழ் முழுதாக வந்து முடியும்வரை வாயைத் திறக்கவில்லை.